வீட்டு நாயின் குடற்புழு: நாயையும் வளவையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வீடுகளுக்கு வந்துசேரும் நாய்க்குட்டிகளிற் பெரும்பாலானவை அயல்வீட்டுத் தாய்நாய் ஈன்றவையாகவோ, கடற்கரையிலும் சந்தையடியிலும் கிடந்து பிள்ளைகள் தூக்கி வந்தவையாகவோ இருக்கும். அத்தகைய குட்டிக்குக் குடற்புழு இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். உருண்டைப்புழுவின் குடம்பிகள், அதாவது முட்டையிலிருந்து வரும் இளம்புழுக்கள், குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் தாய்ப்பாலோடு வருகின்றன. ஆகவே குட்டி பிறந்த வீடு எவ்வளவு துப்புரவாக இருந்தது என்பதைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது.

நாய் வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. குளிசை கொடுத்தோம், புழுவும் விழுந்தது, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் புழு, எனவே அந்த மருந்து சரியில்லை என்பார்கள். மருந்து பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அது குளிசை கொடுத்த அன்று குடலில் இருந்த புழுக்களை வெளியேற்றுகிறதேயன்றி, வளவு மண்ணில் ஏற்கெனவே கலந்துவிட்ட முட்டைகளையும் நாயின் உடலில் ஊரும் தெள்ளையும் ஒன்றும் செய்வதில்லை. மருந்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது நிலத்துக்குச் செலவிடாதவர்களுக்கு இந்தத் தொல்லை தீராது.

எந்தப் புழு, எங்கிருந்து வருகிறது

நாய்களின் குடலில் முக்கியமாக நான்கு வகைப் புழுக்கள் வாழ்கின்றன. அவற்றுள் கண்ணுக்கு எளிதில் தெரிவது உருண்டைப்புழு. வெள்ளை நிறத்தில், அவித்த நூடில்ஸ் போல, 10 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்தில் இருக்கும் இது, குட்டிகளின் வாந்தியிலும் மலத்திலும் சுருண்டு கிடப்பதைக் காணலாம். பெண்புழு ஒரே நாளில் பல்லாயிரக்கணக்கான முட்டைகளை இடும். புதிதாக விழுந்த முட்டை உடனே நோயைத் தொற்றவைக்காது. நிலத்தில் ஏறக்குறைய இரண்டு தொடக்கம் நான்கு வாரங்கள் கிடந்த பின்னரே அதற்குள் குடம்பி முதிர்கிறது. அதன் பிறகு அதே மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கவும் அதனால் முடியும்.

நம் கரையோர மண்ணுக்கு மிகப் பொருத்தமானது கொழுக்கிப்புழு. ஒன்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நீளமேயுள்ள இந்தப் புழுவை மலத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இது குடற்சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கிறது. நாய்களில் பரவலாகக் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை எடுக்கக்கூடும். ஒன்றரைக் கிலோ நிறையுள்ள ஒரு குட்டியின் உடலில் மொத்தமாக ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் இரத்தமே இருக்கும். அதன் குடலில் நூறு புழுக்கள் இருந்தால் ஒவ்வொரு நாளும் 10 மில்லிலீற்றர் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நேற்றுவரை துள்ளித் திரிந்த குட்டி ஒரு கிழமைக்குள் எழுந்து நிற்க முடியாமற் போவதன் காரணம் விளங்கும். இன்னொரு வகைக் கொழுக்கிப்புழுவுக்கு அறிவியற் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. 1911 இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட அந்த இனம், நாய் பூனைகளில் மட்டுமன்றி மனிதக் குடலிலும் முழு வளர்ச்சி அடையக்கூடியது.

கொழுக்கிப்புழுவின் முட்டை சூடும் ஈரமும் நிழலும் உள்ள மணலில் விழுந்தால், ஒரு கிழமைக்குள் குடம்பி பொரித்து, தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது. நாய் அதை நக்கி விழுங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாதத்தின் தோலைத் துளைத்தும் அது உள்ளே நுழையும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையும், திருக்கடலூர்ப் பக்கத்திலும் உள்ள மணல் வளவுகளில், தென்னையும் மாவும் நிழல் தரும் மூலைகள் இதற்கு வாய்ப்பான இடங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வெயிலும் வறட்சியும் நமக்கு உதவி செய்கின்றன. திறந்த வெயிலில் காய்ந்த மணலில் குடம்பிகள் அதிக நாள் தாங்குவதில்லை. மாரி தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது.

நாடாப்புழுக்களுள் நம் வீடுகளில் வழமையாகக் காணப்படுவது தெள்ளின் வழியாக வருவது. தெள்ளின் குடம்பி புழு முட்டையைத் தின்கிறது. வளர்ந்த தெள்ளை நாய் சொறிந்து கடிக்கும்போது விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குடலில் நாடாப்புழு நீண்டுவிடுகிறது. அதன் துண்டுகள் வெள்ளரி விதை அளவில் நாயின் பின்புறத்திலும் அது படுக்கும் சாக்கிலும் ஒட்டியிருக்கும். புதிதாக வந்தவை மெல்ல அசையும். காய்ந்தவை அரிசிமணி போலிருக்கும். நான்காவதான சாட்டைப்புழு பெருங்குடலின் தொடக்கத்தில் தங்கி, விட்டுவிட்டு வரும் சளி கலந்த வயிற்றோட்டத்தை உண்டாக்குகிறது. இது குட்டிகளைவிட வளர்ந்த நாய்களிலேயே கூடுதலாகத் தெரியவரும்.

நாயைப் பார்த்து அறிதல்

முதலில் முரசைப் பாருங்கள். மேலுதட்டை மெல்லத் தூக்கினால் முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்ததும் வெளிறிய இடத்தில் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். முரசு வெள்ளையாக இருந்தால் அது இரத்தம் குறைந்ததற்கான அடையாளம். அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை. முரசு இயல்பாகவே கறுத்திருக்கும் நாய்களில் கண்ணின் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது மலம். தார்போலக் கறுத்து ஒட்டும் மலம் சிறுகுடலில் இரத்தம் கசிவதைக் காட்டும். சிவந்த இரத்தமும் சளியும் பெருங்குடலின் பக்கத்தைக் காட்டும். குட்டியில் வயிறு மட்டும் பானைபோல் உப்பி, முதுகெலும்பும் விலாவும் தெரிந்து, உரோமம் மங்கிக் கிடந்தால், அது நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உருண்டைப்புழுவின் தோற்றம் அதுதான். இருமலும் சிலவேளை புழுவால் வரும். உருண்டைப்புழுவின் குடம்பிகள் நுரையீரல் வழியாகப் பயணம் செய்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகின்றன.

பின்புறத்தை நிலத்தில் தேய்த்து இழுக்கும் நாயைக் கண்டதும் எல்லோரும் புழு என்றே முடிவு செய்கிறார்கள். பல நாய்களில் அதற்குக் காரணம் குதத்தின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் நிறைந்திருப்பதோ தெள்ளுக் கடியோதான். மலத்தில் ஊரும் வெள்ளைப் புழுக்கள் எல்லாமே குடலிலிருந்து வந்தவையுமல்ல. வளவில் இரண்டு நாள் கிடந்த மலத்தில் ஈ முட்டையிட்டுப் பொரித்த புழுக்களாகவும் இருக்கலாம். ஆகையால் நாய் மலம் கழித்த உடனேயே பார்ப்பது அவசியம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் புழுவே இல்லை என்றும் கொள்ள முடியாது. வளர்ந்த நாய்களில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமலேயே முட்டைகளை மண்ணில் இட்டுக்கொண்டிருக்கும்.

மலப் பரிசோதனை

நுணுக்குக்காட்டியில் முட்டையைப் பார்த்தே புழுவின் வகையை உறுதிசெய்ய முடியும். அதிகாலையில் நாய் மலம் கழித்ததும், நிலத்தில் படாத மேற்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான போத்தலில் இட்டு, நாயின் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். மணல் சேர்ந்தால் மண்ணில் இயல்பாக வாழும் நுண்புழுக்களும் கூடவே வந்து குழப்பும். சில மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. இந்த வெக்கையில் போத்தலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் நாள் முழுவதும் வைத்திருந்தால், கொழுக்கிப்புழு முட்டைகள் பொரித்துவிடும்.

பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும் புழு இருக்கக்கூடும். நாடாப்புழுவின் முட்டைகள் துண்டுகளோடு வெளியேறுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். சாட்டைப்புழு முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். இரண்டு வாரக் குட்டியோ கொழுக்கிப்புழு முட்டையிடத் தொடங்கும் முன்னரே இரத்தமிழந்து இறந்துபோகலாம். குட்டிகளுக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்து தொடங்குவது இதனாலேயே.

மருந்து கொடுத்தல்

நாயை நிறுக்காமல் மருந்து வாங்கப் போகாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பின் தனியாக ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் போதும். கைக்கடங்கிய குட்டியைக் கூடையில் வைத்துக் கடைத் தராசில் நிறுக்கலாம். கண் மதிப்பில் குறைவாகக் கொடுப்பதால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிப்போகிறது. கொழுக்கிப்புழுக்கள் பல மருந்துகளுக்கு ஒருசேர எதிர்ப்புப் பெற்றிருப்பது அமெரிக்காவின் பந்தய நாய்களில் தெரியவந்திருக்கிறது.

எல்லாப் புழுவையும் ஒரே மருந்து கொல்லாது. பைரன்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் உரியது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். சாட்டைப்புழுவுக்கு ஃபெபன்டெல் அல்லது ஃபென்பென்டசோல் வேண்டும். இவற்றுள் மூன்றைச் சேர்த்த கலப்புக் குளிசைகள் பரவலாக விற்கப்படுகின்றன. 50 மில்லிகிராம் பிராசிகுவான்டெலும், 144 மில்லிகிராம் பைரன்டெல் எம்போனேற்றும், 150 மில்லிகிராம் ஃபெபன்டெலும் உள்ள குளிசை 10 கிலோ நிறைக்கு ஒன்று என்ற அளவில் கொடுக்கப்படும். ஃபென்பென்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து மூன்று நாட்கள் கொடுக்கப்படுகிறது. வெவ்வேறு தயாரிப்புகளில் அளவு வேறுபடுவதால் பெட்டியிலுள்ள அட்டவணையையும் வைத்தியரின் சொல்லையுமே பின்பற்ற வேண்டும். சிறு குட்டிகளுக்குப் பாணி மருந்து ஏற்றது. கருவுற்ற நாய்க்கு எந்தப் புழு மருந்தையும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

இந்தக் குளிசைகளுக்கு நாயைப் பட்டினி போட வேண்டியதில்லை. சிறு மீன் உருண்டைக்குள்ளோ வாழைப்பழத் துண்டுக்குள்ளோ மறைத்துக் கொடுத்தால் பல நாய்கள் விழுங்கிவிடும். உருண்டையைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பும் கெட்டிக்கார நாய்களும் உண்டு. அவற்றுக்கு மேல்தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, குளிசையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து, வாயை மூடித் தொண்டையை மெல்லத் தடவிவிடுங்கள். பாணியை ஊசி கழற்றிய சிரிஞ்சினால் கன்னத்தின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நேரே தொண்டைக்குப் பாய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்த ஓரிரு நாட்களில் மலத்தில் புழு விழலாம், விழாமலும் இருக்கலாம். நாடாப்புழு பெரும்பாலும் குடலிலேயே செரித்துப் போவதால், ஒன்றும் விழவில்லையே என்று மறுநாள் இன்னொரு குளிசை கொடுக்க வேண்டாம். ஒரு தரம் வாந்தியும் சற்று இளகிய மலமும் வழமையானவை. வாந்தி நிற்காமல் இருந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, குட்டி சோர்ந்து படுத்துவிட்டாலோ தாமதிக்கக் கூடாது. செத்த உருண்டைப்புழுக்கள் பந்தாகத் திரண்டு சிறு குட்டியின் குடலை அடைப்பதுண்டு.

ஒரு தடவை கொடுத்து நிறுத்துவது வேலையைப் பாதியில் விடுவதாகும். தசைக்குள் உறங்கும் குடம்பிகளை மருந்து தொடுவதில்லை. அவை பின்னர் குடலுக்கு வந்து வளரும். ஆகவே உருண்டைப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும், சாட்டைப்புழுவுக்கு மாதம் ஒரு முறையாக மூன்று தடவையும் கொடுக்கப்படுகிறது. கொழுக்கிப்புழு உறுதியான நாயில் மருந்து கொடுத்து 10 தொடக்கம் 14 நாட்களில் மலத்தை மறுபடி பரிசோதித்தால், மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். வெளிறிய குட்டிக்குப் புழு மருந்து மட்டும் போதாது. இரும்புச்சத்தும், நல்ல புரதமும், சிலவேளை இரத்தமேற்றலும் தேவைப்படும்.

செய்யக்கூடாதவை

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் ஏற்றுவது ஆபத்தானது. கோலி இனத்திலும், அதன் கலப்பிலும், வேறு சில மேய்ப்பு நாய் இனங்களிலும் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் அம்மருந்து மூளைக்குள் சென்று, நடுக்கம், மயக்கம், மரணம் வரை கொண்டுபோகும். கலப்பு நாயின் பரம்பரை நமக்குத் தெரியாது. மாட்டு மருந்தின் செறிவில் ஒரு துளி கூடினாலே சிறு நாய்க்கு அளவு பலமடங்காகிவிடும்.

பாக்குத்தூள் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாக்கிலுள்ள அரெக்கோலின் நாடாப்புழுவைத் தளரச்செய்து, கடும் வயிற்றோட்டத்தோடு வெளியே தள்ளும். அதைக் கொண்டு செய்த மருந்து ஒரு காலத்தில் நாய்களுக்கு உலகின் பல இடங்களில் கொடுக்கப்பட்டது. வாந்தியும் மூச்சுத்திணறலும் மயங்கி விழுதலும் உண்டாக்கியதால், பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது கைவிடப்பட்டது. உள்ளி நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

வளவும் தெள்ளும் சாப்பாடும்

முட்டை முதிர நாள் எடுக்கும் என்று மேலே சொன்னதில்தான் தடுப்பின் சூட்சுமம் இருக்கிறது. உருண்டைப்புழு முட்டைக்கு இரண்டு வாரமும், கொழுக்கிப்புழுவுக்கு ஒரு கிழமைக்குள்ளும் ஆகும் என்றால், ஒவ்வொரு நாளும் மலத்தை அள்ளி அகற்றும் வளவில் அவை முதிர்வதற்கே இடமில்லை. நம் வளவுகளில் காலையில் ஈர்க்குமாற்றால் கூட்டும்போது காய்ந்த நாய் மலமும் சருகோடு சேர்ந்து மாமரத்தடிக் குவியலுக்குப் போய்விடுகிறது. நிழலும் ஈரமும் நிறைந்த அந்தக் குவியலைப் புழு வளர்க்கும் பண்ணை என்றே சொல்லலாம். கூட்டுமுன் மலத்தைத் தனியாக மண்வெட்டியால் சுற்றியுள்ள மணலோடு சேர்த்து அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளியும் கீரைப் பாத்திக்கு அப்பாலும் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கரையோர மணல் நீரை எளிதில் கடத்துவதால் கிணற்றுப் பக்கத்தில் குழி வேண்டாம். நாய் மலத்தைப் பசளைக் கிடங்கிலும் இடக் கூடாது.

நாய் படுக்கும் இடத்தில் நிழற் கிளைகளைச் சற்று வெட்டி வெயில் விழச் செய்யுங்கள். சீமெந்துத் தரையானால் முதலில் உரஞ்சிக் கழுவி, பிறகு கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிடலாம். கடையில் விற்கும் கிருமிநாசினிகள் உருண்டைப்புழு முட்டையைக் கொல்வதில்லை. பிசுபிசுப்பான அந்த முட்டையை அகற்றுவது உரஞ்சலும் சூடுமே.

தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுக் குளிசை கொடுத்தால், மூன்று வாரத்தில் அரிசிமணிகள் மறுபடி தோன்றும். நாயின் மீதுள்ள தெள்ளு ஒரு சிறு பகுதிதான். முட்டையும் குடம்பியும் சாக்கிலும் பாயிலும் தரை வெடிப்பிலும் இருக்கும். படுக்கைத் துணியைக் கிழமைக்கொரு தடவை சுடுநீரில் தோய்த்து வெயிலில் போட்டு, வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே நாளில் தெள்ளு மருந்து போட வேண்டும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை இறந்துபோகக்கூடும்.

ஆடு மாடுகளின் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளின் வழியாக மிகச் சிறிய ஒரு நாடாப்புழு நாய்க்குத் தொற்றி, அதன் முட்டைகள் மனிதரின் ஈரலில் கட்டிகளை வளர்க்கக்கூடும். இறைச்சிக் கழிவை நன்றாக அவித்தே கொடுக்க வேண்டும். எலியைத் தின்னும் நாய்க்கும் உருண்டைப்புழு வந்துசேரும். கட்டாக்காலியாகத் திரியும் நாய்க்கு இது தவிர்க்க முடியாதது.

மருந்து நாட்காட்டி

குட்டிக்கு இரண்டு, நான்கு, ஆறு, எட்டு வார வயதுகளிலும், பின்னர் ஆறு மாதம் வரை மாதமொருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தரமும் கொடுப்பது பொதுவான ஒழுங்கு. பாலூட்டும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். வயது தெரியாத குட்டி கிடைத்தால் அன்றைக்கே ஒரு தடவை கொடுத்து, அங்கிருந்து இரண்டு வாரக் கணக்கைத் தொடங்கலாம். வளர்ந்த நாய்களுக்குப் புரட்டாதி, மார்கழி, பங்குனி, ஆனி என்று வைத்துக்கொண்டால் மறக்காது; மாரிக்கு முன் ஒன்று, மாரிக்குள் ஒன்று, நிலம் காயும்போது ஒன்று என நம் காலநிலைக்கும் அது பொருந்தி வரும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் திகதி, நிறை, மருந்தின் பெயர் மூன்றையும் குறித்துவையுங்கள்.

வீட்டிலுள்ளோர்

நாயின் கொழுக்கிப்புழுக் குடம்பி வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் புகுந்தால், சிவந்து வளைந்த கோடாக நாளுக்கு நாள் நகரும்; இரவில் அரிப்பு கூடும். நாய்கள் படுக்கும் கடற்கரை மேட்டு மணலைவிட, அலை கழுவிச் செல்லும் ஈர மணலில் அமர்வது பாதுகாப்பானது. மணலில் விளையாடிய பிள்ளைகளின் கையைச் சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, விளையாட்டு மணற்குவியலை இரவில் மூடிவையுங்கள். உருண்டைப்புழு முட்டையை விழுங்கிய பிள்ளையின் உடலில் குடம்பி ஈரலுக்கோ கண்ணுக்கோ செல்லலாம். விடாத காய்ச்சல், இழுப்பு, ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கல் ஆகியவற்றோடு பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது, வீட்டில் நாய்க்குட்டி இருப்பதையும் பிள்ளை மண் தின்னும் பழக்கம் உடையதாயின் அதையும் வைத்தியர் கேட்குமுன்னரே சொல்லிவிட வேண்டும்.